‘தெக்கு வடக்கு’ ஆறாம் இதழ்

சிற்றச்சு வெளியீடுகள் பாதுகாப்பு நிலையத்துக்குள் நுழைய நான்கு வகை மனிதர்களுக்குத்தான் அனுமதி உண்டு: ஆராய்ச்சியாளர், நன்கொடையாளர், பிரமுகர், கரையான் மருந்து அடிப்பவர். பொன்செல்வி இந்த நான்கில் எதுவும் இல்லை. மலையாளமும் தமிழும் கலந்து புழங்குகிற கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் எஸ்.டி.டி. பூத்தில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவள். 2003-ஆம் வருஷம் ஜூலை மாதத்து மழையில், பூத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சொட்டுகிற குடையோடு அந்த நிலையத்தின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

மேஜையில் ஷிஜா என்ற கிளார்க் இருந்தாள். முதலில் குடையை வெளியே வைக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“சேச்சி எதுக்காக்கும் வந்தது?”

“ஒரு புஸ்தகம் படிக்கணும்.”

ஷிஜா பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்து மேஜைக்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“படிக்கவா?”

“ஆமா. சித்திரக்கதை. ‘தெக்கு வடக்கு’ன்னு பேரு. ஆறாம் இதழ். எட்டுப் பக்கம்தான். நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போயிருவேன்.”

“அய்யோ சேச்சி, இது லைப்ரரி இல்லல்லோ. இங்க யாரும் படிக்காம பாத்துக்கிடுகதுதான் எங்க ஜோலி.” ஷிஜா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். “வேணும்னா ஒரு அபேட்சை எழுதித் தரலாம். ஆனா நோக்கம்னு ஒரு கட்டம் உண்டு. அதுல படிக்கன்னு எழுதினா சார் ஒப்பு போட மாட்டார்.”

ஷிஜாவின் தலைக்கு மேலே பித்தளைப் பலகையில், ‘கைபடாத தாளே காலத்தை வெல்லும்’ என்று எழுதியிருந்தது. பொன்செல்வி அதைப் பார்த்தபடியே கட்டத்தில் என்ன எழுதலாம் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில், ‘பார்க்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தச் சித்திரக்கதையை வரைந்தவன் தாணுலிங்கம். பூத்தை ஒட்டியிருந்த போட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தான். மற்றவர்களின் ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும் பகலெல்லாம் நகலெடுப்பவன், கூட்டமில்லாத மத்தியானங்களில் கறை விழுந்து வீணான தாள்களின் பின்பக்கத்தில் படம் போடுவான். இரண்டு தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் எட்டுப் பக்கம். ஒரு இதழுக்கு இருபத்தைந்து பிரதி. பாளையம் பழைய புத்தகக் கடைகளில் கொஞ்சம் வைப்பான், டீக்கடைக் கிளிப்பில் ஒன்று மாட்டுவான், ஏழு பேருக்குத் தபாலில் அனுப்புவான்.

கதையில் இரண்டே பேர். ஒருவன் ஒற்றைச்செருப்பு, பஸ்ஸில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, அது எப்போதாவது திரும்பி வரும் என்று புதுச்செருப்பு வாங்காமல் இருப்பவன். இன்னொருத்தி பூத்துக்காரி, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவள், தான் கூப்பிட்டுப் பேச ஆளில்லாதவள். முதல் இதழில் இரண்டு பேரும் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இண்டர்வியூ போகிறார்கள். நடுவழியில் இறங்கி ஆடு மேய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இரண்டாவதில் கடல் பார்க்கக் கிளம்பி, எந்த பஸ் என்று சண்டை போட்டு, அப்படியே வீடு திரும்புகிறார்கள். மூன்றாவது இதழ் முழுவதும் ஒரு வரிசை. எதற்கான வரிசை என்று அதில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. வேலையில்லாமல் அலைகிறவனைத் ‘தெக்கு வடக்கு நடக்கான்’ என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. அதையே தாணு தலைப்பாக்கிவிட்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் கடையிலிருந்து பூத்து போனில் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். டீ குடிக்க வா என்று அர்த்தம். அவர்கள் காதலர்களா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. அந்தக் கேள்விக்கும் எந்த பஸ்ஸில் போவது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை.

ஐந்தாம் இதழில் இருவரும் முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து பொன்செல்விக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பாளையத்தில் அந்த இதழைப் புரட்டியிருக்கிறார். பூத்துக்காரியின் தாடையில் பொன்செல்வியின் அதே மச்சம், தலையில் அதே கிளிப். ‘பொண்ணு ஒரு வேலையத்த பயலோட ஊர் சுத்துகா, அது அச்சிலயே வந்தாச்சு’ என்று சம்பந்தம் நின்றுபோனது.

பொன்செல்வி போட்டோஸ்டாட் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே சொன்னாள்: “இனி என்ன வரையாத. ஒரு கோடு கூட வரையப்பிடாது, கேட்டியா?”

தாணு மெஷின் மூடியைத் திறந்தபடியே நின்றான். வெளிச்சம் அவன் முகத்தில் ஒரு தடவை ஓடிப்போனது. “சரி செல்வி” என்றான். அவ்வளவுதான்.

நாலு மாதம் பேச்சில்லை. ஒருநாள் அவன் பூத்துக்கு வந்து ஆறாம் இதழை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பிரிக்கவில்லை. சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். அது அந்த வாரக் குப்பையோடு போயிற்று. அடுத்த மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று அவள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் போக வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

போட்டோஸ்டாட் கடை மொபைல் ரீசார்ஜ் கடையானது. பூத்தில் கூட்டம் குறைந்தது. ஆனால் சில நாட்களில், நாலு மணிக்கு, பூத்தில் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிடும். லைனில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று சரிபார்க்க வந்தவர் சொன்னார். மழையில்லாத மாதத்திலும் அடித்தது. அவள் எடுப்பதற்குள் நின்றுவிடும். எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோனுக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். அந்த ஒன்றுமில்லாததை அவளால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகுதான் அவள் ஆறாம் இதழைத் தேட ஆரம்பித்தாள். பாளையம் நடைபாதைக் கடைகளில் குனிந்து குனிந்து பார்த்தாள். இரண்டாம் இதழ் கிடைத்தது. சாலைத் தெருவில் காகிதம் எடைக்கு வாங்கும் குடோன்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினாள். நாலாவது இதழின் பாதி கிடைத்தது; மறுபாதியில் யாரோ வடை மடித்திருந்தார்கள். தாணுவின் அக்கா செல்லபாயிடம் போய்க் கேட்டதில், தபாலில் வாங்கிய ஏழு பேரின் விலாசம் கிடைத்தது. ஏழு பேருக்கும் எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது. நாகர்கோவிலிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் கார்டு போட்டிருந்தார். ‘என்னிடம் ஆறும் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று பாதுகாப்பு நிலையத்துக்குக் கொடுத்தேன். போன வருஷம் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். நன்கொடையாளர் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.’

அவள் எழுதிக்கொடுத்த மனுவுக்கு மூன்றாம் வாரம் அழைப்பு வந்தது. நிலையத்தின் சிறப்பு அதிகாரி டாக்டர் பகவதிப்பெருமாள் நேரிலேயே பேசினார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

“நோக்கும்மா, நீங்க கேக்குத புஸ்தகம் ரொம்ப விலைமதிப்புள்ளது. உலகத்துல ஒரே பிரதி. அத நாங்க எப்படி வச்சிருக்கோம் தெரியுமா? நாப்தலின் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ள, அரக்கு வச்சு. காத்து புகாது. இதுவரைக்கும் நாலாயிரத்து நூறு வெளியீடுகள வாசகர்கள்ட்ட இருந்து காப்பாத்திருக்கோம்.”

“சார் படிச்சிருக்கீங்களா?”

“நானா?” அவர் புண்பட்டுவிட்டார். “பதினாலு வருஷ சர்வீஸ்ல ஒரு பக்கம் நான் தொட்டதில்ல. வேணும்னா யார்ட்டயும் கேளுங்க.”

பிறகு சிக்கலை விளக்கினார். பதிவேட்டில் மொழி என்று ஒரு கட்டம். தமிழ்ப் பிரிவு அதை மலையாளம் என்றது. மலையாளப் பிரிவு தமிழ் என்றது. கடைசியில் ‘கிழக்கேகோட்டை’ என்று எழுதி அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். ஆனால் அடுத்த கட்டம் நோக்கம். இந்த வெளியீட்டின் கதாபாத்திரங்களுக்கு நோக்கம் என்ன? எங்கே போகிறார்கள்? ஏன் போய்ச் சேருவதில்லை? இதைத் தீர்மானிக்க நிபுணர் குழு பதினொரு தடவை கூடியது. ஒரு துணைக்குழு அரசாங்கக் காரில் கழக்கூட்டம் வரை போய், வழியில் ஆடுகள் இருப்பதை உறுதி செய்தது.

“ரிப்போர்ட் இருக்கு. அத நீங்க படிக்கலாம். அதுக்குத் தடை இல்ல.”

இருநூற்றுப் பதினாலு பக்கம். பொன்செல்வி அதைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே, ‘ஆவணத்தின் பாதுகாப்பைக் கருதிக் குழு அதைத் திறந்து பார்க்கவில்லை; நன்கொடையாளரின் கடிதத்தில் உள்ள கதைச்சுருக்கமே ஆதாரம்’ என்று இருந்தது. நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் பரிந்துரைகள். ‘ஒற்றைச்செருப்பு என்பவருக்குத் தகுதிக்கேற்ற வேலையும் மறு செருப்பும் வழங்கினால் கதையின் பிரச்சினை தீரும். பூத்துக்காரி என்பவரை மணமுடித்துக் கொடுக்கலாம்.’ கீழே ஒன்பது கையெழுத்து.

அவள் ரிப்போர்ட்டை மூடி வைத்தாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. இவர்களும் தன் கல்யாணத்தைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் நிலையம் சிற்றச்சு தினம் கொண்டாடியது. நன்கொடை கொடுத்த குடும்பம் என்று செல்லபாய்க்குத் தவறாக ஓர் அழைப்பிதழ் போயிருந்தது. செல்லபாய் அதைப் பொன்செல்வியிடம் கொடுத்து, “நீ போ. எனக்கு அவன் பேரக் கேட்டா தாங்காது” என்றாள். மேடையில் குத்துவிளக்கு, அதன் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பழுப்பு உறை, உறையின்மேல் அரக்கு. ‘தெக்கு வடக்கு, ஆறு’ என்று சீட்டு. உறைக்கு மாலை போட்டிருந்தார்கள்.

டாக்டர் பகவதிப்பெருமாள் பேசினார். “இத எழுதின கலைஞர் இன்னைக்கு நம்மோட இல்ல. அது ஒரு வகைல நமக்கு வசதி. உயிரோட இருக்கிற கலைஞர் மறுபடியும் மறுபடியும் எழுதுவார். நமக்கு அலமாரி பத்தாது. வாசகனும் அப்படித்தான். இன்னைக்கு ஒருத்தர் கேப்பார், நாளைக்கு ரெண்டு பேர் கேப்பாங்க. ஒரு வாசகன்கூட இல்லாத இலக்கியந்தான் பூரணமா பாதுகாக்கப்பட்ட இலக்கியம். அந்த லட்சியத்த நாம கிட்டத்தட்ட எட்டிட்டோம்.”

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது பொன்செல்வி எழுந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“சார், நான்தான் அந்தக் கதையில வர்ற பொம்பள.”

மேடையில் இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். அவளை வெளியே அனுப்புவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் சிறப்பு அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்படின்னா நீங்க வாசகர் இல்ல! மூலப்பொருள்! மூலப்பொருள வெளிய விட்டு வச்சதுதான் நம்ம தப்பு. சட்டத்துல எட்டாம் பிரிவு: வெளியீட்டோட சம்பந்தப்பட்ட எல்லாப் பொருளையும் வெளியீட்டோட சேத்து வைக்கணும்.”

ஆதாரம் வேண்டும் என்றார்கள். வில்லேஜ் ஆபீஸில் கதாபாத்திரம் என்பதற்கான சர்டிபிகேட் கேட்டாள். அங்கிருந்தவர் ஆச்சரியப்படவில்லை. “உயிருள்ளதா, மரிச்சதா?” என்று மட்டும் கேட்டார். உயிருள்ளது என்றாள். அவர் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வரச் சொன்னார். டீக்கடைக்காரரும் அந்த மார்த்தாண்டத்து மாப்பிள்ளையின் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். சித்தப்பா ஏனோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குறித்த நாளில் காலை பதினொரு மணிக்கு அவளை நிலையத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மணிக்கட்டில் நூல் கட்டி, ‘4117-அ’ என்ற சீட்டைத் தொங்கவிட்டார்கள். உயரம், அகலம், பழுதடைந்த பகுதிகள் ஏதேனும் உண்டா என்று ஷிஜா கேட்டு எழுதினாள். பழுது என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, ‘இல்லை’ என்று தானாகவே எழுதினாள்.

காவலர் தாசையன் பூட்டைத் திறந்தார். அறுபதைத் தொடும் வயது, தொளதொளத்த காக்கி. “பயப்படாத மக்களே, உள்ள லைட்டு உண்டு” என்றார்.

உள்ளே குளிர். நாப்தலின் நெடி கண்ணைக் கரித்தது. கூரை வரை இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் பழுப்பு உறைகள், ஒரே அளவில், ஒரே அரக்கு முத்திரையோடு. எந்த உறைக்குள் எந்தக் கதை என்று தெரியவில்லை. அவற்றை வரைந்த ஆட்கள், அவற்றில் நடந்து திரிந்த ஆட்கள், வரிசையில் நின்றவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் இங்கே மூச்சடக்கி நிற்பது போல இருந்தது. அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். எட்டாம் பிரிவின்படி பழுப்பு உறையை அவள் மடியிலேயே வைத்தார்கள்.

ஷிஜா கதவருகில் நின்றாள். அறையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து அலமாரி விளிம்பில் வைத்தாள்.

“பொருளும் பொருளும் தம்மில் என்ன செய்யுதுன்னு ரூல்ல ஒண்ணும் பறஞ்சிட்டில்ல சேச்சி” என்றாள். ‘தம்மில்’ என்று அவள் சொன்னதற்கு மலையாளத்தில் ‘தங்களுக்குள்ளே’ என்று அர்த்தம். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

பொன்செல்வி ஹேர்பின்னால் அரக்கை நெம்பினாள்.

மேலட்டையில் ஒற்றைச்செருப்பு மட்டும் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாள். உள்ளே திருப்பினாள். அவன் பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுவது போல நுனியில் உட்கார்ந்திருந்தான். மீதிப் பெஞ்சு காலி. டீக்கடையில் இரண்டு கிளாஸ். ஒன்று அவன் கையில், ஒன்று மேஜையில் ஆவி பறந்தபடி. காலி இடத்தைப் பார்த்து அவன் பேசுகிறான். ‘இண்ணைக்கு எங்க போலாம்?’ அடுத்த கட்டத்தில் பதிலைக் கேட்டுக்கொள்கிறான். அடுத்த கட்டத்தில் சிரிக்கிறான். என்ன பதில் என்று எழுதவில்லை. அவள் ஒரு கோடும் வரையாதே என்று சொல்லியிருந்தாள். அவன் ஒரு கோடும் வரையவில்லை. அவளுடைய அளவுக்கு இடத்தை மட்டும் விட்டிருந்தான்.

ஐந்தாம் பக்கத்தில் மழை. பக்கம் முழுக்க ஒரே கட்டம். ஒற்றைச்செருப்பு குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். குடை முழுவதும் காலி இடத்தின் மேலே சாய்ந்திருக்கிறது. அவனுடைய தோளும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கின்றன. குடைக்குக் கீழே மழைக்கோடுகள் இல்லை. ஓர் ஆள் உயரத்துக்குத் தாள் காய்ந்து கிடந்தது.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். அறைக்குள் அவ்வளவு குளிரிலும் அந்த இடம் அவளுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

நாலு மணிக்குச் சிறப்பு அதிகாரி பதிவேட்டோடு வந்தார். உறை திறந்து கிடப்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஷிஜா, ஈரப்பதத்தில் தானே திறந்துகொண்டது என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

“மூலப்பொருள் எத்தனாம் பக்கத்துல வருது? அத மட்டும் சொல்லுங்க.”

“நான் இதுல இல்ல சார்.”

“இல்லன்னா?”

“ஒரு பக்கத்துலயும் இல்ல.”

அவர் நம்பவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரே பக்கங்களைத் திருப்பினார். ஆள்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார்: ஒன்று, ஒன்று, ஒன்று. ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது. குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீதியை வேகமாகத் திருப்பி மூடினார்.

“அப்படின்னா உங்கள உள்ள விட்டது செல்லாது” என்றார். “நீங்க உள்ள வந்திருக்க முடியாது. வராத ஆளு படிச்சிருக்கவும் முடியாது. படிக்கலன்னு எழுதி ஒப்பு போட்டுக் குடுங்க. இல்லாட்டா எல்லாருக்கும் பிரச்சினை.”

‘ஆறாம் இதழை நான் படிக்கவில்லை’ என்று பொன்செல்வி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலையில் எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். ஷிஜா மணிக்கட்டு நூலை வெட்டினாள். அவள் கண்ணெதிரே அரக்கு உருக்கி, உறையை ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

வாசலில் தாசையன் ஸ்டூலில் இருந்து எழுந்து கேட்டைத் திறந்தார். திறந்தவர் வழிவிடாமல் நின்றார்.

“மக்களே, கேக்கப்பிடாதுதான். ஒம்பது வருஷமா காவல் நிக்கேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ கூடக் கண்டதில்ல. அதுல என்னதான் இருந்து?”

பொன்செல்வி சொன்னாள். பெஞ்சை, டீ கிளாஸை, குடையை, ஒவ்வொரு கட்டமாக, கையால் காற்றில் அளந்து காட்டிச் சொன்னாள். தாசையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“கடைசிப் பக்கத்துல பஸ் வருது. ஏறி உக்காருகான். கண்டக்டர் வந்து, ஒரு ஆளான்னு கேக்காரு.”

“அவன் என்ன சொல்லுகான்?”

“ரெண்டு டிக்கெட்டுன்னு.”

“எங்க போகதுக்கு?”

“அத எழுதல. பஸ்ஸுல போர்டும் இல்ல. அதோட முடிஞ்சு போச்சு.”

தாசையன் ரோட்டைப் பார்த்தார்.

“அப்போ அவன் இன்னும் எறங்கல்ல” என்றார். “பக்கத்து சீட்ட யாருக்கும் விட்டுக் குடுக்காம அப்படியே இருக்கான்.”

தாணு செத்துப்போனான் என்று கேட்ட அன்றைக்குக்கூட பொன்செல்விக்கு அழுகை வந்திருக்கவில்லை. இப்போது காவலரின் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதாள். தாசையன் அவள் அழுது முடிகிற வரைக்கும் கேட்டை அடைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.